மலைப் பக்கம் ஒடி

"ஒடி... ஒடி... மலைப் பக்கம் ஒடி ஜாஸ்மினு! மலைப் பக்கம்!"

"மலைப் பக்கம்தானே ஒடிக்கேன்..."

"அப்பொறம் ஏன் டிரம்மு டொம்முன்னு சத்தம் போடுது?"

"அதுவா வந்து மோதிருச்சுங்க."

"ஆமா, அதுக்குக் காலு மொளச்சிருக்கு. நிறுத்து, நிறுத்து. முன்ன எடு."

"ஏங்க, போன்ல இப்படிக் கத்தாதீங்க. காதுல ஹெட்போன் மாட்டிருக்கேன். நாப்பது அடிக்குப் பின்னால நிக்கீங்க, என் மடியில ஒக்காந்து கத்துற மாதிரி இருக்கு."

"கத்தாம? இருவது வருஷம் ட்ரெய்லர் ஓட்டுனவன் பொண்டாட்டி, ரெண்டு டிரம்முக்கு நடுவுல பின்னால விடத் தெரியாம முழிக்கா."

"மில்லுல லோடு ஏத்துற எடம் இம்புட்டுச் சின்னதாவா இருக்கு? நீங்க வேணும்னே நெருக்கி வச்சிருக்கீங்க."

"அந்த அளவுக்குத்தான் டிரம்மைக் காலால அளந்து வச்சிருக்கேன்டி. எத்தனை வருஷம் அதுக்குள்ள விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மில்லு மேனேஜர் உப்பிலி சார் அங்கன வந்து நிப்பாரு. மூணு தடவைக்கு மேல முன்ன பின்ன எடுத்தா, தூத்துக்குடி நூல் லோடு வேற வண்டிக்குன்னுட்டாரு. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குங்க. நம்ம வண்டியை இப்ப ஓட்டுற ஐயாதுரை அண்ணனும் சனிக்கெழமையோட நின்னுக்கிடுதாரு. நானும் ஓட்டலன்னா இந்தக் கண்டெய்னரை வீட்டு வாசல்ல நிறுத்திக் கோழி அடைக்க வேண்டியதுதான்."

"நாப்பது அடியில கோழியா? செட்டியார்பட்டிக் கோழி பூராத்தையும் அடைக்கலாம்."

"சிரிக்காதீங்க. நாளைக்கு நான்தானே விடணும்."

"சரி... சிரிக்கல. கேளு. உனக்கு வேன் பழக்கம் போக மாட்டேங்குது. மில்லு வேன் ஓட்டுனப்ப, பின்னால எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் ஸ்டீரிங்கை ஒடிச்ச. இதுல அப்படி இல்ல. கண்டெய்னர் வாலு தண்டவாளத்துப் பக்கம் போவணும்னா, ஸ்டீரிங்கை எதிர்ல இருக்கிற மலைப் பக்கம் ஒடிக்கணும்."

"தலைகீழா."

"தலைகீழாத்தான். நான் மலைப் பக்கம்னு சொன்னா அது ஸ்டீரிங்குக்கு. வாலுக்கு இல்ல. புரியுதா?"

"உங்க அம்மாகிட்ட காரியம் சாதிக்கிற மாதிரின்னு சொல்லுங்க. எது வேணுமோ, அது வேண்டாம்னு சொல்லணும்."

"ஏட்டி! செத்துப் போன மனுசிய..."

"நல்லாத்தானே சொல்லுதேன். வரட்டுமா?"

"வா. கொஞ்சமா ஒடிச்சுட்டு காத்திரு. கண்டெய்னர் ஒடனே திரும்பாது, யோசிச்சுத்தான் திரும்பும். வா... வா... மலைப் பக்கம் லேசா... ஏய், அம்புட்டு ஒடிக்காத! மடங்கிரும்!"

"மடங்கிருச்சு."

"தெரியுது."

"கேபினு ஒரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கி, கண்டெய்னரு ஒரு பக்கம் நிக்கி."

"நம்ம கல்யாண போட்டோ மாதிரி."

"நீங்கதானே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னீங்க. பந்தில மட்டன் பத்தலன்னு."

"பதினாறு வருஷமாச்சு, இன்னும் அதை விட மாட்டேங்குதா பாரு. முன்ன எடு, முன்ன எடு. நேராக்கிட்டு மறுபடியும் வா."

"இருங்க... ஏங்க, தோளு வலிக்கலையா? வெயில்ல ரெண்டு மணி நேரமா நிக்கீங்க."

"தோளா... ஆமா, லேசா வலிக்கி. அது கெடக்கு."

"மதுரை டாக்டரு எப்பச் சரியாயி வண்டி ஓட்டலாம்னாரு?"

"கொஞ்ச நாளாவும்னாரு. அதை எதுக்கு இப்ப கேக்க? நான் வெயில்ல நிக்கிறது எல்லாம் உன் ஆசையால வந்தது. செல்போன்ல எவளோ ட்ரெய்லர் ஓட்டுறதைப் பாத்துட்டு, எனக்கும் ஓட்டணும்னு வந்து நின்ன. சொன்ன மாதிரியே ஸ்ரீவில்லிபுத்தூர் போயி ஹெவி லைசென்ஸையும் வாங்கிட்ட."

"வாங்குனேன்ல?"

"வாங்குன. முன்னால ஓட்ட வாங்குன. பின்னால விட யாரு வாங்குறது?"

"செத்த நேரம் இருங்க, தண்ணி குடிச்சுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்."

"எஞ்சினை நிறுத்திட்டுப் போ."

"ஓடட்டும்... இந்தா வந்துருவேன்."

"ஜாஸ்மினு... ஏட்டி, ஜாஸ்மினு... இம்புட்டு நேரமா ஒரு மூஞ்சியக் கழுவ?"

"வந்துட்டேன், வந்துட்டேன். மூஞ்சி பெருசுங்க. நீங்க தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி. அந்தக் கம்பி வேலிகிட்டப் போயிருங்க."

"எதுக்கு? அங்கன இருந்து எப்படிச் சொல்லுறது?"

"போன்லதானே சொல்லுதீங்க. போங்க... ம், அங்கனயே நில்லுங்க. வாரேன்."

"வா... வா... மலைப் பக்கம் ஒடி. ஒடிச்சிட்டியா?"

"ம்."

"காத்திரு... இப்ப நேராக்கு. நேராக்கு. வா, வா, வா... அப்படியே வா... நிறுத்து."

"நிறுத்திட்டேன்."

"டிரம்மு சத்தமே கேக்கலையே! பாத்தியா, நான் சொன்னபடி கேட்டா எப்படி வருதுன்னு. இன்னொரு தடவை எடு."

"எடுக்கேன்... வரட்டுமா?"

"வா... மலைப் பக்கத்து டிரம்மை உரசிருவ போலருக்கு. மலைப் பக்கம் ஒடி, வாலு வெலகட்டும். ம்... அதான்... அதான்... நிறுத்து. அடி ராசாத்தி! அளவெடுத்துத் தச்ச மாதிரி நிக்கி. ரெண்டு டிரம்முக்கும் நடுவுல, அந்தப் பக்கம் ஒரு முழம், இந்தப் பக்கம் ஒரு முழம்."

"நல்லாருக்கா?"

"உப்பிலி சார் கை தட்டுவாரு. நீயே எறங்கி வந்து பாரு."

"கண்ணாடியிலயே பாத்துட்டேங்க... ரெண்டு டிரம்முக்கும் நடுவுலன்னா, எந்த ரெண்டு டிரம்மு?"

"எந்த ரெண்டா? நான் வச்ச ரெண்டும்தான்."

"மலைப் பக்கத்து டிரம்மை நான் தூக்கிட்டுப் போயி முள்ளுக்குள்ள போட்டு அரை மணி நேரமாச்சுங்க."

"முள்ளுக்குள்ளயா?"

"அது இருந்த எடத்துல ஒரு கல்லு வச்சிருக்கேன். கல்லு மேல ரெண்டு தடவையும் டயரு ஏறல. நீங்க மலைப் பக்கம்னு சொன்னப்ப நான் தண்டவாளத்துப் பக்கம் ஒடிச்சேன். கண்ணாடியப் பாத்துத்தான் விட்டேன். ஏங்க... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கோவமா?"

"இல்லட்டி... சத்தத்தை வச்சுச் சொன்னேன். எஞ்சின் சத்தம், டயரு மண்ணுல அரையுற சத்தம்... ஓட்டிப் பழகுனவனுக்கு அம்புட்டும் தெரியும்னு நெனச்சேன். பகல்லயே எல்லாம் புகை மாதிரிதான் இருக்கு."

"மதுரையில என்ன சொன்னாங்க?"

"சுகரு கண்ணுல எறங்கிருச்சாம். இருக்கிற பார்வையைக் காப்பாத்திரலாம், போனது வராதுன்னுட்டாங்க. இனிமே வண்டியத் தொடக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"தோளுன்னு என்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"தோளுன்னா இன்னைக்கு இல்ல நாளைக்குச் சரியாயிரும்னு இருப்ப. கண்ணுன்னு சொன்னா..."

"சொன்னா?"

"ஆசைப்பட்டு ஏறுனவ நீ. லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டுன அன்னைக்கு எப்படிச் சிரிச்ச! எம் புருசனால முடியல, வேற வழியில்லாம ஓட்டுதேன்னு ஆயிரக் கூடாதுன்னு பாத்தேன். ஆசையாவே ஓட்டட்டும், அது போதும்னு..."

"வேலிகிட்டயே நில்லுங்க. நான் எறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன். இனிமே வண்டிக்குப் பின்னால நிக்கிற வேலையே வேண்டாம். நீங்க பின்னால நின்னா, கண்ணாடியில உங்களைத்தான் பாக்கத் தோணுது."

"அப்ப நாளைக்கு?"

"கேபின்ல என் பக்கத்து சீட்டுல ஒக்காருங்க. பின்னால மில்லு வாட்ச்மேன் சோலைராஜ் அண்ணன் நிக்கட்டும். நான் பதறி நெறைய ஒடிச்சா, கொஞ்சமா ஒடிட்டின்னு சொல்லுறதுக்கு நீங்க வேணும். சத்தத்தை வச்சே சொல்லுங்க, அது போதும்."

"புருசனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டுதாளேன்னு சிரிப்பாங்கட்டி."

"சிரிக்கட்டும். மூணு தடவையா கேக்காங்க? நான் ஒரே தடவையில விடுறேன்."

"அம்புட்டுக்கு வந்துட்டியா! எல்லாம் அந்த வீடியோ பண்ணுன வேலை. உன் ஆசை சாமானியப்பட்ட ஆசை இல்ல."

"எனக்கு ஏதுங்க ஆசை? அந்த வீடியோவையே உங்ககிட்டக் காட்டுறதுக்காகத் தேடித்தான் பிடிச்சேன்."

"என்ன சொல்லுத? என் கண்ணு விசயம் அப்பவே உனக்குத் தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தோளு வலின்னு வண்டிச் சாவியைக் கொண்டுவந்து ஆணியில மாட்டுனீங்கல்ல, அதுக்கு முந்தின நாளு வீட்டு ஜெபத்துல நீங்கதான் பைபிள் வாசிச்சீங்க. அழகா, ஒரு சொல்லு தட்டாம, கடைசி வரைக்கும் வாசிச்சீங்க. உங்க கையில இருந்தது பாட்டுப் புத்தகம்ங்க."