மஞ்சள் கறை பட்ட கவுன்

அங்கன்வாடி விழாவுக்கு வந்திருக்கிற தாய்மார்களே, ஒரு சின்ன சங்கதி சொல்றேன்... கைக்குழந்தையைத் தூங்க வச்சுக்கிட்டே கேளுங்க, போதும்.

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்க வேலை பார்த்தவர் மயில்சாமி. அவருக்கு ஒரே பொண்ணு, தாரணி. நாலு வயசு. ஆனா... பேச மாட்டா. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். டாக்டர் பார்த்தாரு. "காது நல்லாத்தான் கேக்குது. நாலு பிள்ளைகளோட விளையாட விடுங்க"ன்னாரு. மயில்சாமி கொண்டுபோய் அங்கன்வாடியில விட்டாரு. அங்க டீச்சர் பூங்கோதை.

தினமும் சாயங்காலம் அங்கன்வாடி வாசல்ல வந்து நிப்பாரு.

"ஏனுங் டீச்சர்... இன்னிக்காவது பேசினாளுங்களா?"

"இன்னும் இல்லீங்ணா. ஆனா நல்லா விளையாடினா."

மறுநாளும் அதே கேள்வி. அதே பதில். வெளிய வந்து சைக்கிள்ல உக்காந்து முணுமுணுப்பாரு, "விளையாட்டு... விளையாட்டு... விளையாடினா பேச்சு வந்துருமா?" அந்தத் தகப்பன் வயித்தெரிச்சல் அவருக்குத்தானே தெரியும்?

ஒருநாள் டீச்சர் மஞ்சளைக் கரைச்சு பிள்ளைங்க முன்னால வச்சாங்க. விரலை முக்கிப் பூப் போடு. அதுமேல சோப்புத் தண்ணி தொட்டு வை... பூ சிவப்பாச்சு. எலுமிச்சம்பழம் பிழி... மறுபடி மஞ்சளாச்சு. நாமளும்தான் கல்யாண வீட்டுல ஆரத்தி எடுக்கிறோம். மஞ்சள்ல சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்குது. ஏன் சிவக்குதுன்னு யாராவது கேட்டோமா? சாப்பாட்டுப் பந்திக்குல்ல ஓடினோம்.

அன்னிக்குத் தாரணி கவுனெல்லாம் மஞ்சள். அவங்கம்மா பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போயிட்டாங்க. மயில்சாமியே வாளியில சோப்பைப் போட்டுக் கவுனை முக்கினாரு. திரும்பிப் பார்த்தா... கவுன் பூராவும் சிவப்பு.

நாளெல்லாம் சாயத்துல நிக்கிற மனுசன், இது தெரியாதான்னு கேப்பீங்க. பட்டறையில சாயம் டப்பாவுல வரும்மா. அதுவுமில்லாம, பெத்தவன் கண்ணுக்கு அந்த நேரத்துல கலரா தெரியும்? ரத்தம்தான் தெரியும்.

பிள்ளையைத் தூக்கித் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்க்கிறாரு. காயமே இல்லை. "இவ்வளவு ரத்தமா! யாரு சாமி அடிச்சது? சொல்லு சாமி..." அது எங்க சொல்லும்? முழிக்குது.

விடிஞ்சதும் ஒரு கையில ஈரக் கவுன், ஒரு கையில பிள்ளையோட அங்கன்வாடியில நிக்கிறாரு.

"பேச்சு வராத பிள்ளைதானே, என்ன பண்ணினாலும் வீட்டுல வந்து சொல்லாதுன்னு நினைச்சீங்களா டீச்சர்? இனி என் பிள்ளை இங்க வராது."

பூங்கோதைக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அண்ணா, அது வந்துங்..."ன்னு அவங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள, தாரணி அப்பா கையை உதறிட்டு ஓடினா. மூலையில தட்டுல நேத்து மிஞ்சியிருந்த எலுமிச்சம்பழ மூடியை எடுத்தா. கவுனைக் கீழ இழுத்துப் போட்டு, ரெண்டு கையாலயும் பிழிஞ்சா.

சிவப்பு... மெல்ல... மஞ்சளாச்சு.

அப்பா முகத்தைப் பார்த்தா. வாயைத் திறந்தா.

"ரத்தமில்லப்பா. மஞ்சா."

அவ்வளவுதான். கத்த வந்த மனுசன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "இன்னொருக்கா சொல்லு சாமி..." "மஞ்சா." "இன்னொருக்கா..." "மஞ்சாப்பா!" டீச்சரைப் பார்த்துக் கும்பிடத்தான் கை எழுந்துச்சு. பேச்சு வரலை. அன்னிக்கு அந்தக் குடும்பத்துல பேச முடியாமப் போனது அவருதான்.

சாயங்காலம் வாசல்ல வந்து நின்னாரு. அவர் கேக்கிறதுக்கு முன்னாலயே டீச்சர் சொன்னாங்க, "ஏனுங்ணா, இன்னிக்கு வாயே மூடலீங்."

எதுக்கு இதைச் சொல்றேன்? பிள்ளைக்கு வாய் மட்டும் இருந்தாப் போதுமாம்மா? சொல்றதுக்கு ஒரு விஷயம் வேணுமில்ல? தன் கையால செஞ்சு, தன் கண்ணால பார்த்த விஷயம் வேணுமில்ல? அதைத்தான் இந்த அங்கன்வாடி டீச்சருங்க மஞ்சளாவும் மண்ணாவும் தண்ணியாவும் பிள்ளைங்க கையில குடுக்கிறாங்க. நாம அதை "சும்மா விளையாட்டு"ங்கறோம்.

நாளைக்கு உங்க பிள்ளை சட்டையெல்லாம் கறையோட வந்து நின்னா, கையை ஓங்காதீங்க. "இது எப்படிப்பா வந்துச்சு?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, அது சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருங்க.

இதோ, முன் வரிசையில நம்ம டீச்சருங்க உக்காந்திருக்காங்க. விழாவுக்குன்னு நல்ல சேலைதான் கட்டியிருக்காங்க... ஆனா விரலைப் பாருங்க. நகக்கண்ணுல இன்னும் மஞ்சள் போகலை. அந்தக் கைக்கு நாம எல்லாரும் எழுந்து நின்னு ஒரு கும்பிடு போடுவோம்.