ஒண்ணே முக்கால் மணி நேரம்

— கூடப்பொறந்த காக்கா நீங்க சொன்னாலும் வாய்தா வாங்க மாட்டேன். நாளைக்கித் தூத்துக்குடி கோர்ட்டுல என் கேசு நடக்கத்தான் செய்யும்.

— ஒன் மாப்பிள்ளை இன்னைக்கிக் காலையில திருச்சியில வந்து எறங்கிட்டான்னு தந்தி வந்திருக்கு. நாளை மறுநாளு வாசல்ல நிப்பான். அதுக்குள்ள என்னளா அவசரம், ராஹிலா?

— சண்டை தொடங்குன வருஷம் கொழும்புக்குப் போனவுக. சண்டை முடிஞ்சும் மூணு வருஷம் ஆயிட்டு. இன்னைக்கி அவுகளுக்கு என்ன அவசரம்?

— நீ புருஷன்கிட்ட பிரிவு கேட்டுப் பிராது போட்டது காதுக்குப் போயிட்டு. மனசு பொறுக்காம பிளேன் ஏறிட்டான்.

— பிளேன் எத்தனை மணிக்கிக் கெளம்பும்?

— தெனம் ஒரே பிளேன்தான், காலையில எட்டரை. எங்க கப்பல் ஆபீசுல அட்டவணையே ஒட்டிருக்கு. மணிக்கு நூத்தி அறுவது மைலு போவும். கண்ண மூடி முழிக்கதுக்குள்ள திருச்சி.

— மவ அஸ்மாவோட பூகோளப் படத்தை விரிச்சு வச்சிருக்கேன், பாருங்க. கொழும்புக்கும் திருச்சிக்கும் நூலு புடிச்சா ரெண்டே முக்கா அங்குலம். அங்குலத்துக்கு நூறு மைலுன்னு கீழ போட்டிருக்கு.

— இப்ப எதுக்கு இந்தக் கணக்கு?

— எரநூத்தி எழுவத்தஞ்சு மைலு. ஒண்ணே முக்கா மணி நேரம். இவ்வளவு கிட்டக்க இருந்துகிட்டா ஒம்பது வருஷம் வரலை? புள்ளைக்கு வாப்பா மொகமே தெரியாது காக்கா.

— அவன் ஒன்னை மறக்கலியே. பெருநாளுக்குப் பெருநாளு காயிதம் வரலியா? கப்பல்ல வந்ததை நானே கொண்டாந்து தரலியா? காயிதம் போட்டவனைப் போயி கைவிட்டுட்டான்னு கோர்ட்டு சொல்லுமா? ஒனக்குச் சாட்சி சொல்ல ஊர்ல ஒரு ஆளு உண்டா?

— வக்கீலும் அதைத்தான் கேட்டாரு.

— அப்போ வாய்தா வாங்கு. நாடு சொதந்திரம் ஆயி ஒரு வருஷம் ஆகலை, அதுக்குள்ள வீட்டுக்கு வீடு சொதந்திரமா?

— எனக்கு வேணும். அந்தத் தந்தியைக் குடுங்க.

— இங்கிலீஷுல இருக்கு. ஒனக்கு என்ன தெரியும்?

— அந்த எழுத்து தெரியாது. எண்ணு தெரியும். இங்கன மேல போட்டிருக்கது என்ன நேரம்?

— திருச்சி தந்தி ஆபீசுல குடுத்த நேரம். இன்னைக்கிக் காலையில ஒம்பது இருவது.

— எட்டரைக்கிக் கெளம்புன பிளேன் பத்தேகாலுக்குல்லா எறங்கும். ஒம்பது இருவதுக்கு அவுக வானத்துலல்லா இருக்கணும்.

— அட்டவணையில ஏதாவது தப்பு இருக்கும்.

— நேரமும் நீங்க சொன்னது, வேகமும் நீங்க சொன்னது. உங்க கூட்டாளி சுந்தரராஜ் திருச்சியிலதான இருக்காரு?

— ஒன் நல்லதுக்குத்தான் அவன் வசம் தந்தி அடிக்கச் சொன்னேன் புள்ள. பொம்பள கோர்ட்டுப் படி ஏறுனா ஜமாஅத்துல நான் எப்படி மொகம் காட்டுவேன்?

— அவுக வாரது பொய்யா?

— பொய்தான். அவன் இருக்க எடமே எனக்குத் தெரியாது.

— அப்போ பெருநாளுக்குப் பெருநாளு வந்த காயிதம்?

— அதை விடு.

— விட மாட்டேன். சொல்லுங்க.

— நீ ராப்பகலா அழுதுகிட்டே கெடந்த. பாக்கப் பொறுக்கலை. நான் சொல்லச் சொல்ல ஆபீசு குமாஸ்தா எழுதுனான்.

— எல்லாமா?

— எல்லாந்தான். அவன் ஒரு வரி எழுதலை.

— நான் இப்ப அழலை காக்கா. காலையில ஏழு மணிக்கு வண்டி வரும். நீங்களும் ஏறுங்க. வக்கீலு கேட்ட சாட்சி நீங்கதான்.