தங்கூசி கட்டிய பேஸ் கிட்டார்

ஆலந்தலையில் ஏறிய இரண்டு இளைஞர்கள் பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவன் மடியில் கழுத்து குட்டையான ஒரு பேஸ் கிட்டார்.

"ஏலே, மீன் பிடிக்கிற நைலான் தங்கூசியவா கிட்டாருல கட்டுன?" என்றான் மற்றவன்.

"கம்பி அந்துட்டு. வீட்டுல தங்கூசிதான் கெடந்துச்சு. நாலையும் இழுத்து முறுக்கிட்டேன்."

"கோட்டிப்பயலே, அதுக்குள்ள காந்தம்லா இருக்கு. இரும்புக் கம்பின்னாத்தான் ஸ்பீக்கர்ல சத்தம் வரும்."

"வரலதான். நான் பாட்டுக்குத் தலைய ஆட்டி வாசிச்சேன்."

"போச்சு. திருவிழாவுக்கு ஒன்னச் சேக்கலாமான்னு சர்ச் கொயர் மாஸ்டர் நேத்து பூசையிலதானல பாத்தாரு? குட்டக் கிட்டாருக்குன்னே கம்பி விக்கான். தடிச்சதா வாங்கு. தொளதொளங்காது, கும்முன்னு கேக்கும்."

தூத்துக்குடி வந்தது.

"எந்திலே, கடை இங்கனதான்."

கிட்டார்காரன் அசையவில்லை.

"பூசை முடிஞ்சதும் மாஸ்டர் என் கையப் புடிச்சிக்கிட்டாருல. 'இன்னைக்குத்தான் பாட்டக் கெடுக்காம வாசிச்ச, திருவிழாவுக்கும் இப்படியே வாசி'ன்னு சொல்லுதாரு."

"அதுக்கு?"

"திருவிழா முடியட்டும்லே. அப்புறமா கம்பி வாங்குவோம்."