சட்டத்துக்கு ஒரு கேள்விக்குறி

உங்கள் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த அறிவிப்பில் இரண்டு ஒற்றுப்பிழை இருக்கிறது ஐயா. உட்கார்ந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு அது தொழில் புத்தி.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே ஒரு காகிதம், அதைத்தான் அதிகம் திருத்தினேன். அதில் ஒரு வரியைக்கூட எவனும் படிப்பதில்லை. எனக்கு அத்தனையும் மனப்பாடம். அப்படிப்பட்டவன் யூடியூப் சேனல் ஆரம்பித்து நாலு வார்த்தை வைத்தியம் சொன்னால், நீ என்ன படித்தாய் என்கிறார்கள். படித்தவர்கள் நோயாளியின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்களைக் கேட்க ஆளில்லை. என்னைப் பார்த்தவர்கள் நாற்பதாயிரம் பேர். 'டாக்டர் ஐயா' என்று அவர்களாகத்தான் கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வக்கீல் நண்பர் ஒருவர் பயமுறுத்தினார். பட்டம் இல்லாதவன் மருந்தை நிறுத்தச் சொன்னால் கம்பி எண்ண வேண்டியதுதான், கேள்வியாகக் கேட்டுவைத்தால் தப்பிக்கலாம் என்றார். அதனால்தான் வீடியோவுக்கு அந்தத் தலைப்பு: 'இன்சுலினை நிறுத்தலாம்?'

'நிறுத்தலாமா' என்றால்தான் அது கேள்வி. 'நிறுத்தலாம்' என்று எழுதிக் கேள்விக்குறி போடுவது பிழை. எனக்குத் தெரியாதா என்ன? ஜனங்கள் வார்த்தையைப் படிப்பார்கள், சட்டம் குறியைப் படிக்கும். வக்கீலுக்கே அது புரியவில்லை, பாவம்.

ஒருத்திதான் கண்டுபிடித்தாள். என் மனைவியின் தங்கை. பள்ளிக்கூட வயதிலிருந்து தினமும் ஊசி போட்டுக்கொள்பவள், கெட்டிக்காரி. போன் செய்தாள்.

"அத்தான், கேள்விக்குறி போட்டிருக்கீங்களே. நிறுத்தலாமா, கூடாதா?"

"அது சட்டத்துக்கு அம்மா. உனக்கில்ல."

நிறுத்தினாள். பத்து நாள் தாண்டியதும் அவளைக் கேமரா முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொல்வதாக இருந்தேன். நாற்பதாயிரம் நாலு லட்சமாகியிருக்கும். இரண்டாம் நாள் வாந்தி என்றாள். கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான் என்றேன். மறுநாள் அவள் வீட்டுக்காரர் பேசினார். மூச்சு வாங்குகிறதாம், ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்றார். போனால் பட்ட பாடெல்லாம் வீண், ஒரு நாள் பொறுங்கள் என்றேன். மனிதர் பொறுத்தார். விடிந்தபோது அவள் இல்லை.

என் மனைவி அதற்கப்புறம் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். இன்சுலின் பெட்டியில் வரும் அந்தக் காகிதத்தில் ஒரு வரி உண்டு: 'ஊசி தவறி, வாந்தியோ மூச்சு வாங்குதலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.' அதில் விட்டுப்போயிருந்த 'ச்' என்ற ஒற்றைப் போட்டவனே நான்தான்.

நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். பரவாயில்லை, சுத்தமாக இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். 'தெரிந்தேதான் அவளைச் சாகவிட்டேன்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு ஒரு கேள்விக்குறி போடுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.