கெண்டை கரையேறிய பிற்பகல்

குளத்துத் தண்ணீர் பச்சையாக இருந்தால்தான் நல்லது. பளிச்சென்று அடி தெரிகிற தண்ணீரில் மீனுக்குத் தின்ன ஒன்றுமே இருக்காது. நீங்கள் முதல் நாள் வந்தபோது, "என்னம்மா இப்படிப் பாசி பிடிச்சுக் கெடக்கு, சுத்தமே பண்றதில்லையா?" என்று கேட்டீர்கள். போலீஸ்காரருக்குக் குளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

உட்காருங்கள் ஐயா. அந்த மூங்கில் முக்காலி ஆடும், இதில் உட்காருங்கள். தேநீர் கொதிக்கிறது. நேற்று பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்கள், இன்றைக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக் கொல்லையில் குளம் வைத்திருக்கிறவளுக்கு வருஷம் முழுக்க வேலைதான். மாசியில் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்பு போட வேண்டும், பிறகு சாணம். வெயில் ஏற ஏறத் தவிடும் கடுகுப் பிண்ணாக்கும் பிசைந்து போட வேண்டும். ஆடியில் கொலோங் ஆறு பொங்கினால் குளமும் ஆறும் ஒன்றாகிவிடும், அதற்குள் சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டியாக வேண்டும். ஊரில் எல்லார் மீனும் வெள்ளத்தோடு போகும், என் மீன் போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐப்பசியில் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டால் அதற்குள்ளிருந்து குட்டித் தவளைகள் ஐம்பது அறுபது குதித்து ஓடும். அவற்றைப் பொறுக்கி மறுபடி தண்ணீரில் விடுவேன். பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குளிர்காலம்தான் கஷ்டம். மீன் சாப்பிடாது. தவிட்டுக் கூடையோடு படியில் நின்றால் ஒரு குமிழிகூட மேலே வராது. தவளையெல்லாம் சேற்றுக்குள் போய்விடும். மார்கழியும் தையும் இந்தக் கொல்லையில் என் மூச்சுச் சத்தம் ஒன்றுதான். பிஹுப் பண்டிகைக்கு முதல் நாள் ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிடுமே, அதற்கு ஒரு கட்லா மீன் கேட்டு வருவார்கள். மீனைக் கூப்பிட்டு முடித்த பிறகு என்னையும் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த மாதங்களில் பயமாக இருக்கும். பேய் பிசாசுப் பயம் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது, இன்றைக்கு ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சட்டென்று தெரியும். அந்தப் பயம்.

ஜோனாலி வந்த பிறகு அது இல்லாமல் போயிற்று. என் தம்பி புஷ்பதரின் மனைவி. வெளியூரில் வேலை பார்த்தவன், அவளைக் கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினான். ஷில்லாங்கில் பிறந்து வளர்ந்தவள். மலை ஊர்ப் பெண்ணுக்கு மீன் என்றால் சந்தையில் பலகை மேல் கிடப்பது. வந்த புதிதில் படிக்கட்டில் தவளையைப் பார்த்துவிட்டுத் துணி துவைக்காமலே ஓடி வந்தாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். போகவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது, நான் இருந்தேன். தம்பி செத்ததற்கு நான் அழுதேன், பொய் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். அதற்கு நான் நன்றியோடு இருந்தேன் என்பதும் பொய் இல்லை.

மூன்று வருஷம் அப்படி இருந்தோம். தண்ணீரைத் தட்டி மீனைக் கூப்பிட அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் படிக்கு ஓடுவாள். "அக்கா, ஒங்க பிள்ளைங்க எல்லாம் பட்டினியாம், என்கிட்டப் புகார் சொல்லுதுங்க" என்பாள். "ஒன் வாத்தியார் வேலைய அதுங்ககிட்டயும் காட்டாத, பயந்து அடிக்குப் போயிடும்" என்பேன் நான். இதெல்லாம் ஒரு பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அதுதான் பேச்சு.

இந்த வருஷம் மழை தவறியது உங்களுக்கே தெரியும். சித்திரை போய் வைகாசி பாதியாகியும் ஒரு சொட்டு இல்லை. குளம் சுருங்கி நடுவில் ஒரு பாய் அளவுக்கு வந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் தவளைக் கல்யாணம் வைக்க முடிவு செய்தார்கள். மாப்பிள்ளைத் தவளை நாம்கர் பஜனைக் கூடத்துப் பக்கத்துக் குட்டையிலிருந்து, பெண் தவளை என் குளத்திலிருந்து. பக்கத்து வீட்டு ஸ்வர்ணமயிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள். அன்றைக்கும் அவள்தான் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏ தருலதா, பொண்ணு வீட்டுக்காரி நீ, இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னா எப்படி? சீர் எல்லாம் எங்க?"

ஜோனாலி தவளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாள். தவளையைப் பார்த்து ஓடியவள் இப்போது மடியில் வைத்துக்கொண்டு சிவப்புத் துணியில் மேகலாப் பாவாடை கட்டிவிட்டாள். பெண்கள் கல்யாணப் பாட்டுப் பாடினார்கள். குங்குமம் வைக்கும்போது ஸ்வர்ணமயி சொன்னாள்: "போன தடவ மழ தவறினப்பவும் இவளுக்குத்தான் கல்யாணம் பண்ணோம். தவளைக்கே ரெண்டாவது மாப்பிள்ள கெடைக்கிறான். ஏண்டி ஜோனாலி, நீ மட்டும் ஏன் சும்மா ஒக்காந்திருக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜோனாலி சிரிக்கவில்லை. குனிந்து தவளையின் துணியைச் சரிசெய்தாள். காது சிவந்திருந்தது. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

மறுநாள் அவளே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற திகந்தா. தேஸ்பூர்க்காரன். சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்துவிட்டதாம். வருகிற மாதம் கல்யாணம் முடித்துக்கொண்டு இருவரும் அங்கே போவதாம். உங்களிடம் புகார் கொடுத்தவன் அவன்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

"நீங்களும் எங்ககூட வந்துடுங்க அக்கா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"கொளத்த யார் பாக்குறது?"

"கொளம் எங்க ஓடிப் போகுது? நாலு நாள் தவிடு போடலேன்னா செத்தா போயிடும்?"

நான் நல்லது என்றேன். நல்ல பையன் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வரப்போகிற மார்கழிதான் கண் முன்னால் வந்தது. கட்லாவுக்கு வந்து நிற்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள், நான் படியில் நிற்பேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் இடுப்பில் கட்டுகிற மீன் பறியை எடுத்து அதன் அடிப்பகுதியைப் பிரித்துப் போட்டேன். பிரம்பு உளுத்திருந்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். உங்களிடம் முன்பே அப்படித்தான் சொன்னேன். ஆனால் அன்று காலையிலேயே வடகிழக்கு கறுத்திருந்தது. மழை வரப்போகிற நாளில் பறியைப் பிரித்துப் போடுகிறவள் இந்த ஊரில் எவளும் கிடையாது.

முதல் பெருமழைக்குப் பனையேறிக் கெண்டை கரையேறும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சின்ன மீன்தான், ஆனால் செவுள் மூடியைத் தரையில் ஊன்றி ஊன்றிப் புல்லில் நடந்தே போய்விடும். இருக்கிற குளம் போதாது அதற்கு, புதுத் தண்ணீர் தேடிக்கொண்டு போகும். வருஷா வருஷம் நான் பிடித்து மறுபடி உள்ளே விடுவேன். விடிந்து பார்த்தால் பாதி மறுபடி கரையில் இருக்கும்.

அன்றைக்குப் பிற்பகலில் கொட்டியது. தவளைகள் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. நான்தான் குரல் கொடுத்தேன்: "ஜோனாலி, ஓடி வா, கெண்டை ஏறுது." புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். கரை முழுக்க மீன். ஒரு கையில் ஒன்று, இன்னொரு கையில் ஒன்று பிடித்துவிட்டாள். காலடியில் மூன்றாவது நெளிந்தது.

"அக்கா, பறி எங்க?"

"அது பிரிஞ்சு கெடக்கு. ஒண்ணப் பல்லுல கவ்விக்கோ. ஒம் புருஷன் அப்படித்தான் பிடிப்பான்."

புஷ்பதர் அப்படித்தான் பிடிப்பான், அது உண்மை. ஆனால் அவன் முதலில் மீனின் தலையைக் கடித்து நசுக்குவான், பிறகு குறுக்கே கவ்விக்கொள்வான். இந்த ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் அது தெரியும். உயிரோடு இருக்கிற கெண்டையை வாயில் வைக்கக் கூடாது என்று அடித்துச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். ஷில்லாங்கில் யார் சொல்லித்தருவார்கள்? நானும் சொல்லவில்லை. அவள் மீனின் தலையை உள்ளே வைத்துக் கவ்வினாள், வால் வெளியே துடித்தது. நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்று சொன்னேன். "அப்படியே தேஸ்பூருக்குக் கொண்டு போ, மாப்பிள்ள வீட்டுல பொண்ணு சீரோட வந்துட்டான்னு சொல்லுவாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக அவளைச் சிரிக்கவைத்தவள் நான், எதற்குச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாதா? சிரிக்கிறவள் வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

மீன் உள்ளே போய்விட்டது. வால் நுனி மட்டும் உதட்டுக்கு வெளியே தெரிந்தது. கையிலிருந்த இரண்டையும் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். பேச முடியவில்லை, தொண்டையைக் காட்டினாள். இந்த ஊரில் இப்படி முன்பும் நடந்திருக்கிறது. அப்போது மீனை இழுக்கக் கூடாது. முதுகு முள்ளும் செவுள் மூடியும் பின்பக்கமாக விரியும், இழுக்க இழுக்க இறுகும். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்வர்ணமயி வீட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. மழைச் சத்தத்திலும் என் குரல் அங்கே கேட்கும்.

நான் வாலைப் பிடித்து இழுத்தேன். ஒரு தடவை இல்லை. வழுக்கியது, முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். அவள் நான் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தாள். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவ்வளவு இறுக்கமாக என்னை யாரும் பிடித்ததில்லை. அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான் ஸ்வர்ணமயியைக் கூப்பிட்டேன்.

என் உள்ளங்கை கிழிந்து ரத்தமாக இருந்தது. அதைப் பார்த்து ஊரே அழுதது. "பாவி, தன் கை கிழியக் கிழிய இழுத்திருக்காளே, பெத்தவகூட இப்படிப் பாடுபட மாட்டாளே" என்று ஸ்வர்ணமயி மார்பில் அடித்துக்கொண்டாள். அன்றிரவு என் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் காரியம் முடியும் வரை அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை, யாராவது ஒருத்தி செய்துகொண்டே இருந்தாள். ஜோனாலியைக் குளத்துக்கு வடக்கே, தம்பியை எரித்த இடத்துக்குப் பக்கத்தில் எரிக்கச் சொன்னேன். ஷில்லாங்கிலிருந்து வந்தவர்கள் மறுக்கவில்லை. நான் அவளுக்குக் கெடுதல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை ஐயா. அவள் வீட்டிலேயே இருக்கிறாள்.

காரியம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அப்புறம் நீங்கள் வர ஆரம்பித்தீர்கள். கரையை அளந்தீர்கள், ஸ்வர்ணமயியைக் கேட்டீர்கள், என்னைக் கேட்டதையே மறுபடி கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் சலிப்பில்லை. நீங்கள் வருகிற நாளில் பாக்கைச் சீவித் தட்டில் எடுத்து வைப்பேன், இரண்டு கோப்பை கழுவி வைப்பேன். மூங்கில் தட்டி எதற்கு, தவளை ஏன் பகலில் கத்துகிறது என்றெல்லாம் கேட்டீர்கள். நல்ல கேள்விகள்.

நேற்றுதான், "விபத்துதாம்மா, எழுதி முடிச்சுட்டேன். இனிமே ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படலைச் சாத்திக்கொண்டு போனீர்கள். நான் கொஞ்ச நேரம் படலையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் உங்களை வரச் சொல்லி ஸ்வர்ணமயி மகனை அனுப்பினேன்.

யாரும் கேட்காததை இவள் ஏன் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், எழுத அதுதான் சுலபம். வேண்டுமென்றே செய்தேன் என்றும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குளத்தை யார் பார்ப்பார்கள் என்கிறீர்களா? யாராவது பார்க்கட்டும், இல்லை தூர்த்துவிட்டுப் போகட்டும்.

தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். நான் ஒன்று கேட்க வேண்டும். ஜெயிலில் பெண்களை எல்லாம் ஒரே கூடத்தில் சேர்த்துத்தான் படுக்கவைப்பார்கள் என்கிறார்களே, அது நிஜம்தானா?