குச்சி விழுந்த இடம்

தொண்டை: ...இதைக் கேளு. "நாற்பதைத் தாண்டிய இருவர், பத்தொன்பது வயதில் தவறவிட்ட பஸ்ஸுக்காக இன்னும் அதே நிறுத்தத்தில் நிற்கிறார்கள்."

குச்சி: நல்லாத்தானே எழுதியிருக்கான்.

தொண்டை: நம்ம புதுப் பாட்டைத் திட்டறான்டா.

குச்சி: திட்டினாலும் நல்லா எழுதியிருக்கான். ஆடாம உக்காரு, துண்டு நழுவுது.

தொண்டை: நீ சோப்பைக் காதுக்குள்ள எல்லாம் தடவி வெச்சிருக்கே. சலூன் வெச்சுப் பதினஞ்சு வருஷம் ஆச்சுங்கறே.

குச்சி: இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு உன் மூஞ்சியப் பாக்கறேன். காது எங்க இருக்குன்னு மறந்து போச்சு.

தொண்டை: பாட்டு ஆரம்பிச்சதுலேருந்து போன்ல தினம் பேசினோமே.

குச்சி: போன்ல காது தெரியுமா? சரி, அடுத்ததைப் படி.

தொண்டை: நுரை காயுது. மொதல்ல ஷேவ் பண்ணு.

குச்சி: வாயை ஆட்டிக்கிட்டே இருந்தா பிளேடை எங்க வெக்கறது? படிச்சு முடி.

தொண்டை: "பாப் பங்க் இசை என்பது விடலைகளின் அழுகை. நடுவயதில் உட்கார்ந்து அதை அழுதால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார்."

குச்சி: என் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே சாத்திட்டாரு.

தொண்டை: ஒருத்தர் கீழ எழுதியிருக்காரு, காரைக் கழுவும்போது எங்க அப்பா இதைத்தான் போட்டுக் கேக்கறாருன்னு.

குச்சி: அது பாராட்டா?

தொண்டை: தெரியல. கார் சுத்தமாச்சான்னு எழுதல. நேத்து பஸ் ஸ்டாண்டு மைக்ல, ஏழாம் நம்பர் புறப்படுதுன்னு சொல்லிட்டு வெளிய வரேன். ஒரு பொண்ணு, சார் நீங்கதானே அந்தப் பாட்டுல கத்தறவருன்னு கேட்டுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். ஆமான்னேன். எங்க சித்தப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுச்சு.

குச்சி: சித்தப்பாவுக்கு.

தொண்டை: சித்தப்பாவுக்கு.

குச்சி: அந்தக் காலத்துல நம்ம போஸ்டரைக் கிழிச்சு நோட்டுக்குள்ள வெச்சுப்பாங்க. பேருகூடப் போடாம, தொண்டை, குச்சின்னு மட்டும் போட்ட போஸ்டர்.

தொண்டை: அந்த நோட்டு வெச்சிருந்தவன்தான் இப்ப சித்தப்பா ஆயிட்டான் போல.

குச்சி: எதுக்குடா இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கறே? பாட்டு போட்டாச்சு. ரெண்டு பேர் பேரும் பக்கத்துப் பக்கத்துல வந்தாச்சு. அது போதும்.

தொண்டை: இன்னும் ஒண்ணு இருக்கு. என்னைப் பத்தி. "குரல், பழைய சட்டையைப் போட்டுப் பார்க்கிறது. பொத்தான் எட்டவில்லை."

குச்சி: ...மனசுல வெச்சுக்காத.

தொண்டை: நெசந்தானே. விடிஞ்சதுலேருந்து பஸ் நம்பரும் பிளாட்பாரமும் கத்தற தொண்டை. அவன் பொய் எழுதல. ஆனா படிச்சப்போ வலிச்சுது. டீ டம்ளரை வெச்சுட்டு வெளிய போயிட்டேன். பிளேடு எங்க?

குச்சி: பழசா இருக்கு. புதுசு மாத்தணும்.

தொண்டை: இதோ, மேசைமேல பாக்கெட் இருக்கே. பிரிக்கவே இல்ல.

குச்சி: அது வேற கம்பெனி. தோலைக் கிழிக்கும்.

தொண்டை: அப்ப எதுக்கு வாங்கி வெச்சிருக்கே?

குச்சி: மெஷின்ல ட்ரிம் பண்ணி விடறேனே? இப்பல்லாம் தாடிதான் எடுப்பு.

தொண்டை: எனக்கு வழவழன்னு வேணும். சனிக்கிழமை இருக்குல்ல.

குச்சி: என்ன சனிக்கிழமை?

தொண்டை: மேடை. கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு பேரும் நேர்ல, அந்த ஒரு பாட்டு மட்டும்.

குச்சி: இத்தனை திட்டு வாங்கின பாட்டுக்கா?

தொண்டை: பெரிய பத்திரிகையில ஒண்ணு வந்திருக்கு. அதைப் படிச்சிட்டுத்தான் கூப்பிட்டாங்க. அவரு என்னைத் திட்டல. என்னை எழுதவே இல்ல. முழுக்க உன்னைப் பத்தித்தான்.

குச்சி: ...என்னைப் பத்தியா?

தொண்டை: "இந்தப் பாட்டில் உயிரோடு இருப்பது டிரம்ஸ் மட்டும்தான்."

குச்சி: போதும்டா.

தொண்டை: இரு, முக்கியமானது இனிமேதான். "இரண்டாவது நிமிடத்தில் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு ஒற்றைக் கையால் தட்டுத்தடுமாறி எழுகிறது. அந்த இடைவெளியில்தான் பாட்டின் மொத்த வயதும் இருக்கிறது. வாழ்ந்து பார்த்த ஒருவரால் மட்டுமே அப்படி நிறுத்த முடியும்."

குச்சி: மேடைக்கு வேற யாரையாவது வெச்சு வாசிச்சுக்கோ. இப்ப நல்லா வாசிக்கற பசங்க நிறைய பேர் இருக்காங்க.

தொண்டை: அவங்க கேக்கறது உன்னை. அந்த இடைவெளியை.

குச்சி: சனிக்கிழமை கடையில கூட்டம்.

தொண்டை: உன் வீட்டம்மா பாத்துக்க மாட்டாங்களா? போர்டுல அவங்க பேரும் போட்டிருக்கே. புது பெயிண்டு.

குச்சி: அவளும்தான் ஷேவ் பண்றா. ரெண்டு வருஷமா. அவ கை மெத்துன்னு இருக்குன்னு வரவங்க சொல்றாங்க. மதியம் வந்துடுவா, உனக்கும் அவளே பண்ணி விடுவா.

தொண்டை: எனக்கு நீதான் பண்ணணும்.

குச்சி: தோள் வலிடா.

தொண்டை: போன வாரம் போன்ல முதுகு வலின்னே.

குச்சி: வலி இடம் மாறும்.

தொண்டை: குச்சி, இந்த ஒரு தடவைடா. எனக்கு இனிமே மேடையே கிடையாது, அது நல்லாத் தெரியும். ஒரே ஒரு தடவை உன் முன்னாடி நின்னு, பின்னாடிலேருந்து நீ அடிக்கறது முதுகுல வந்து விழணும். மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்.

குச்சி: என்னால முடியாது.

தொண்டை: ஏன்னு சொல்லு.

குச்சி: முடியாதுன்னா விடேன்.

தொண்டை: "வாழ்ந்து பார்த்த ஒருவரால் மட்டுமே..."

குச்சி: அதைத் திரும்பப் படிக்காதடா! வாழ்ந்து பாத்தவன் நிறுத்தல அதை. பத்தொம்பது வயசுப் பையன் கையிலேருந்து குச்சி நழுவி விழுந்துடுச்சு. அவ்வளவுதான். நீ கேக்கறது நான் வாசிச்சது இல்ல. நான்தான், ஆனா இப்ப இல்ல. நீ ஊரை விட்டுப் போறதுக்கு முந்தின வாரம், வீட்டுக்குப் பின்னாடி அந்தக் கார் ஷெட்ல, டிரம்ஸ் மட்டும் டேப்புல புடிச்சு வெச்சோமே. வார்த்தையை அடுத்த வாரம் போட்டுக்கலாம்னே. அடுத்த வாரம் நீ இல்ல. அந்த டேப்புதான். புதுசா வாசிச்சேன்னு சொல்லி அதைத்தான் அனுப்பினேன். இதோ பாரு... கையைப் பாரு. நீட்டினா இப்படித்தான் ஆடும். மாத்திரை போட்டாலும் இவ்வளவுதான் நிக்கும். கஸ்டமர் கழுத்துல ஒரு தடவை பட்டுடுச்சு, அன்னிக்கே பிளேடை அவகிட்ட குடுத்துட்டேன். நீ போன் பண்ணி, சேர்ந்து ஒரு பாட்டு போடலாமான்னு கேட்டப்போ வாயில முடியாதுன்னு வரல. ஏமாத்திட்டேன்டா உன்னை. அந்தப் பத்திரிகைக்காரர் எழுதினதை நீ படிக்கப் படிக்க, எனக்கு இந்தக் கடைக்குள்ள நிக்க முடியல.

தொண்டை: நானும் வரலன்னு சொல்லிட்டேன்.

குச்சி: என்னது?

தொண்டை: சனிக்கிழமைக்கு. நேத்து காலைலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குன்னது பொய்.

குச்சி: அப்ப... உனக்குத் தெரியுமா?

தொண்டை: நீ அனுப்பின அன்னிக்கே தெரியும்.

குச்சி: தெரிஞ்சும் பாடினியா?

தொண்டை: அதனாலதான் பாடினேன். நீ புதுசா வாசிச்சு அனுப்பியிருந்தா, இந்தக் குரலை நெனச்சுப் பயந்து ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். உன் கை விஷயம் மட்டும் தெரியாது. உனக்கு வேற ஏதோ கோவம், அதான் பழசை அனுப்பிட்டேன்னு நெனச்சேன். மேடைக்கும் நீ வரமாட்டேன்னு தோணுச்சு, அதான் வேண்டாம்னு சொன்னேன்.

குச்சி: அப்புறம் எதுக்குடா மூஞ்சியெல்லாம் நுரையோட உக்காந்து, ஷேவ் பண்ணு ஷேவ் பண்ணுன்னு உயிரை எடுத்தே?

தொண்டை: காதுக்குள்ள சோப்பு வந்தப்போ உன் கைதான்னு புரிஞ்சுது. நீயே சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லாம பிளேடை எடுத்திருந்தா, பேசாம கழுத்தைக் காட்டிட்டு உக்காந்திருப்பேன்.

குச்சி: பைத்தியமா உனக்கு?

தொண்டை: அன்னிக்கு நான் சொல்லாமக் கொள்ளாமப் போனேன்ல. உன்னைக் கேள்வி கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ...இப்ப பிளேடை என்கிட்ட குடு. நானே பண்ணிக்கறேன். நீ அந்தச் சின்னக் கண்ணாடியைப் புடி.

குச்சி: ஆடும்.

தொண்டை: ஆடட்டும். நானும் கூடவே ஆடிக்கறேன்.

குச்சி: ...எப்படிடா கண்டுபுடிச்சே? குச்சி தரையில விழுந்த சத்தத்தைத்தான் சுத்தமாத் துடைச்சாச்சே.

தொண்டை: பஸ் நிறுத்தத்துல நிக்கறோம்னு எழுதினானே, அவன் கடைசி வரியில ஒரு குறை எழுதியிருக்கான். உனக்குப் படிச்சுக் காட்டல. "டிரம்ஸ் நின்ற இடத்தில் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். இதைக்கூடவா துடைக்கவில்லை?" அது நான்தான்டா. குச்சியைக் குனிஞ்சு எடுத்துக் குடுத்துட்டு சிரிக்கறேன். என் சிரிப்பு எனக்குத் தெரியாதா? நல்லவேளை, அந்தப் பழைய டேப்பைச் சுத்தம் பண்ணின ரெக்கார்டிங் ஆளு கவனிக்காம விட்டுட்டாரு.

குச்சி: அவரு கவனிச்சாரு. துடைச்சிடறேன்னாரு. நான்தான் கையைப் புடிச்சு நிறுத்தினேன்... நீ பாடின டேப்பெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டே. பாட்டு இல்லாததுன்னு இதை மட்டும் விட்டுட்டுப் போனே. இத்தனை வருஷமா உன் குரல்னு என்கிட்ட இருந்தது அந்தச் சிரிப்பு ஒண்ணுதான்டா.