‘க்கா’ என்று கத்தும் குரங்கு

அவைத் தலைவராக அமர்ந்து, நொடிக்கொருமுறை சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மரஆலை மேலாளர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியை விட்டு இறக்காத தாய்மார்களே! துப்பாக்கியோடு வந்து, அதைக் கதவோரம் சாய்த்து வைத்திருக்கும் தோழர்களே! அனைவருக்கும் அச்சத்தோடு கூடிய என் வணக்கம்.

ஆம், அச்சத்தோடுதான்! அறிவியல் பேச வந்தவனுக்கு அச்சம் எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

மலைச்சரிவில் மனிதனைப்போல் நடமாடும் மாபெரும் குரங்கு உண்டு என்கிறீர்கள். கண்டவர் யார்? கேட்டால், கண்டவரின் மைத்துனர் வருகிறார். அவரோ, “நான் பாக்கலீங்க, லாரி டிரைவர்தான் பாத்தாரு” என்கிறார். டிரைவரோ, “நின்னு பாத்தா நான் இருப்பேனா? சத்தம் கேட்டதுமே ஓடியாந்துட்டேன்” என்கிறார். சிரிக்காதீர்கள், நானும் ஓடியிருப்பேன்!

முழ நீளக் காலடி காட்டினீர்கள். மழை நனைத்த மண்ணில் வழுக்கிய கால் முழ நீளம் தடம் போடும். காலையில் நானே வழுக்கிக் காட்டினேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. முள்வேலியில் சிக்கிய முடியை அனுப்பினீர்கள். ஆய்வுக்கூடத்தில் முடி பார்ப்பதுதான் என் பிழைப்பு. குரங்கு முடியா? இல்லை. கரடி முடியா? இல்லை. ஆட்டு முடி! அதிலும் பழுப்புச் சாயம் ஏற்றிய ஆட்டு முடி! எந்தக் காட்டில், எந்தக் குரங்கு, கம்பளி போர்த்திக்கொண்டு திரிகிறது? அன்று பிடித்தது எனக்குப் பயம். குரங்கை நினைத்து அல்ல தோழர்களே, உங்கள் துப்பாக்கி வைக்கும் குறியை நினைத்து!

யாரது பின்வரிசையில்? “அப்ப அந்தக் கத்தல்?” என்கிறீர்களா? நல்ல கேள்வி. டிரைவர் அண்ணே, எழுந்து அதேபோல் கத்திக் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள்.

“க்... க்கா! க்... க்கா!”

கேட்டீர்களா? அம்மா, நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? கேன்டீனில் சமைப்பவர்தானே? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

“ஐயா, என் தம்பிக்குத் திக்குவாய். ‘அக்கா’ன்னு வராது. ‘அ’ தொண்டையிலயே நின்னுடும், ‘க்கா’ மட்டும்தான் வரும். இங்க எல்லாரும் அவன மாதிரியே பேசிச் சிரிச்சாங்க, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். வெளியூர்ல வேலை பாக்கறான்னு நெனச்சேன். போறப்ப என் பழுப்புக் கம்பளியத்தான் எடுத்துட்டுப் போனான்...”

அவையோரே! அக்காவை அழைத்தவனை அரக்கன் ஆக்கிவிட்டோமே! பசித்து வந்தானோ, பனி தாங்காமல் வந்தானோ, வந்தபோதெல்லாம் கல்லால் அடித்தோமே! ஆலைக் காவலரே, நேற்று மாலை நீங்கள் சுட்டீர்கள். “தப்பிச்சிடுச்சு” என்று வருத்தப்பட்டீர்கள். தப்பியதா? உண்மையாகவே தப்பியதா? ஏன் தலை குனிகிறீர்கள்?

“தெரியலீங்க. முனகல் மாதிரி ஒண்ணு கேட்டுச்சு.”

கண்டதென்ன, கேட்டதென்ன, கையில் கிடைத்ததென்ன என்று கேட்பதுதானே அறிவியல்? கேட்காமல் நம்பினோம், நம்பியதால் நடுங்கினோம், நடுங்கிய கையால் சுட்டோம்!

இனிப் பேச நேரமில்லை. வெளிச்சம் இருக்கும்போதே மலையேறுவோம். துப்பாக்கிகள் இந்த மேடையிலேயே கிடக்கட்டும். ஆலையின் மருந்துப் பெட்டியை எடுங்கள். அக்கா முன்னே நடக்கட்டும், அவர் குரல் மட்டும் ஒலிக்கட்டும். நாம் வாய்மூடிப் பின்னால் போவோம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறேன். அவன் உயிரோடு இறங்கி வந்து, திக்கித் திக்கி அதைச் சொல்லட்டும். சொல்லி முடிக்கும்வரை, ஒருவரும் சிரிக்காமல் காத்திருப்போம்.